ஆரஞ்சுச் சுளையில் இறங்கிய தகரம்

சாரல் விழுந்தால் தென்காசியில் எல்லோருக்கும் குளிர் உடம்பில் தெரியும். எனக்கு நாக்கில் தெரியும். நாக்கின் நடுவில் ஒரு தகரத் துண்டை வைத்துவிட்டு யாரோ எடுக்க மறந்துபோனதுபோல. இத்தனை வருடம் கழித்தும் அப்படித்தான்.

அறுபதுகளின் தொடக்கம். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இரண்டாவது தங்கி ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இடி விழுந்து மொட்டையாய்ப் பிளந்து நின்ற கோயில் கோபுரத்தின் வழியே குற்றாலத்துக் காற்று தெருவுக்குள் பாய்ந்து, கொடியில் கிடந்த சேலைகளை அறைந்துகொண்டே இருந்தது. எனக்கு ஆரஞ்சு வேண்டும். சோறு வேண்டாம், மாங்காய் வேண்டாம், ஆரஞ்சு. அது பழம் கிடைக்கிற காலமில்லை. என் வீட்டுக்காரர் குற்றாலத்துக்குப் போய், சீசனுக்கு வரும் வெளியூர்க்காரர்களை நம்பிப் போட்டிருந்த கடையொன்றில் டப்பா வாங்கிவந்தார். சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுச் சுளைகள். என் உள்ளங்கை இரண்டும் சேர்ந்தாலும் பிடிபடாத பெரிய டப்பா.

கோயில் காரியம் பார்க்கும் ஆசாரக் குடும்பம் எங்களுடையது. யார் ஆக்கியது, எந்தத் தண்ணீரில் ஆக்கியது என்று தெரியாத பண்டம் அடுக்களைக்குள் வராது. டப்பாவைப் பார்த்ததும் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், அடுக்களை வாசலை மறித்து நின்றாள்.

"பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டத இல்லன்னு சொல்லப்படாது. திங்கட்டும். ஆனா வீட்டு ஏனத்துல ஊத்தாண்டாம். வந்த தகரத்துலயே இருக்கட்டும்."

ஆகவே பாத்திரத்தில் மாற்றாமல் டப்பா புறவாசலில், துவைகல்லுக்கு மேலே சுவர் மாடத்தில் இருந்தது. அடுக்களை அரிவாள்மணை அதைத் தொடக்கூடாது என்று வீட்டுக்காரர் ஆணியும் சுத்தியலும் வைத்து மூடியைச் சுற்றிலும் குத்தித் திறந்தார். கரண்டி கிடையாது. தென்னை ஈர்க்கால் ஒவ்வொரு சுளையாகக் குத்தி எடுத்து, வாழையிலைக் கிழிசலில் வைத்துத் தின்றேன். முதல் நாள் அது தித்திப்பும் புளிப்புமாக, வெயில்போல இருந்தது. மீதியை இலையால் மூடி, எறும்புக்காக மேலே ஒரு கல்லையும் வைத்தேன். ஒரேயடியாகத் தின்றால் தீர்ந்துவிடுமே. மறுநாள் கொஞ்சம். அதற்கு மறுநாள் கொஞ்சம்.

பிறகு ருசி மாறியது. கிணற்று ராட்டினத்தை நக்கியதுபோல. அத்தையிடம் சொன்னேன். மாசமானவளுக்கு வாய் அப்படித்தான் கசக்கும், பச்சைத்தண்ணி குடிச்சாலே இரும்பு மாதிரி இருக்கும், எனக்கும் இருந்தது என்றாள். நம்பினேன். நம்பித் தின்றேன்.

ஒரு மத்தியானம் வயிறு முறுக்கிப் பிடித்தது. வாந்தி, நிற்காத வாந்தி. வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு தரையில் கிடந்தேன். முதல் பிள்ளை போனபோதும் இப்படித்தான் இடுப்பிலிருந்து வலி ஏறியது. கால் வழியே ஈரம் இறங்குகிறதா என்று சேலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். இறங்கவில்லை. ஆனால் சில நாளாக உள்ளே, மூடிய கைக்குள் தும்பி படபடப்பதுபோல ஓர் அசைவு வந்துகொண்டிருந்ததே, அது இல்லை.

குதிரைவண்டியில் டாக்டரிடம் போனோம். என்ன தின்றேன் என்று கேட்டவர், அந்த டப்பா இருக்கிறதா என்றார். வீட்டுக்காரர் ஓடிப்போய் எடுத்துவந்தார். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். உள்ளே, பாகு தொட்டிராத மேல்விளிம்பு கண்ணாடியாக மின்னியது. அதற்குக் கீழே பாகு நின்ற இடமெல்லாம் சாம்பல் பூத்துச் செத்துக் கிடந்தது.

"திறந்த பெறவு தகரத்துலயே வச்சிருந்தியளோ?"

"வேற ஏனத்துல ஊத்தப்படாதுன்னு நாந்தான் சொன்னேன்" என்றாள் அத்தை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புளிப்பும் காற்றும் சேர்ந்து தகரத்தை அரித்துப் பழத்துக்குள் இறக்கிவிட்டன என்றார். அது வயிற்றைப் புரட்டிவிட்டுப் போய்விடும். அப்புறம் டப்பாவின் ஓரத்தில், தகரத்தைப் பற்றவைத்திருந்த கோட்டை நகத்தால் தடவினார். இது ஈயம், வயிற்றுப் பிள்ளைக்கு விஷம் என்றார். இது எவ்வளவு இறங்கியது என்றுதான் தெரியவில்லை. பிள்ளை அசைகிறதா, பார்த்துக்கொண்டிருங்கள்.

பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. சாரல் ஓட்டில் விழும் சத்தத்துக்குக்கூட எரிச்சல் வந்தது. அந்தச் சத்தத்தில் உள்ளே அசைவது எனக்குத் தெரியாமல் போய்விட்டால்? மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். ஏதோ நகரும். குடலாக இருக்கும். காற்றாக இருக்கும். கண்ணை மூடினால் சாம்பல் பூத்த அந்தச் சுவர், அதற்குள் சுருண்டு கிடக்கும் ஒரு சின்ன முதுகு.

திரும்பி வந்த டப்பா மாடத்திலேயே இருந்தது. எறியக்கூட யாருக்கும் கை வரவில்லை. புறவாசல் கதவு வழியே ஒருநாள் பார்த்தேன். அத்தை, பக்கத்து வீட்டில் மோர்கூட வாங்கிக் குடிக்காதவள், டப்பாவுக்குள் விரலை விட்டு, மிச்சமிருந்த பாகைத் தொட்டு நாக்கில் வைத்தாள். துப்பவில்லை. விழுங்கினாள். என்னைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சொன்னாள்:

"ஏட்டி, இந்த ருசியையா நான் மாசமானவ வாய்க்கசப்புன்னு சொன்னேன்?"

நான் மாடத்துக்குப் போய் டப்பாவை இலையால் மூடினேன்.

அதற்கப்புறம் ஒரு காலையில் அத்தை குளித்து, ஈரச்சேலையோடு பூசைக்குத் தண்ணீர்க்குடம் எடுத்துவந்தாள். அந்த நேரத்தில் அவளை யாரும் தொடக்கூடாது; அவள் நடக்கிற வழியிலிருந்தே நாங்கள் ஒதுங்கி நிற்போம். நான் குளிக்கவில்லை, பாயிலிருந்துகூட எழவில்லை. அப்போதுதான் தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம், ஒரு தட்டு. மூச்சை நிறுத்தினேன். மறுபடியும் ஒரு தட்டு. குடல் இப்படித் தட்டாது.

எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்து என் வயிற்றில் வைத்துக்கொண்டேன். குடம் சரிந்து பூசைத் தண்ணீர் பாயெல்லாம் ஓடியது. அவள் கையை எடுக்கவில்லை. உள்ளே இருந்தது அவள் உள்ளங்கையிலும் தட்டியது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை, அழவில்லை. அடுத்த தட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம், ஈரத்தில், நடுங்கிக்கொண்டு.