மடிப்புக்குக் கீழே

என் மேசை இழுப்பறையில் ஒரு லேப் டிப் அட்டை இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் கேட்கும் நிறத்தை முதலில் கைக்குட்டை அளவுத் துணியில் ஏற்றி, துண்டு வெட்டி ஒட்டி அனுப்பும் அட்டை. இதில் நான்கு நீலத் துண்டுகள். மூன்றாவதைச் சுற்றி அண்ணன் போட்ட சிவப்பு மை வட்டம். பின்னால் மடித்துச் செருகிய செய்தித்தாள் துண்டு ஒன்றும் உண்டு.

அண்ணனும் நானும் ஒரே சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்த்தோம். அவர் லேப் இன்சார்ஜ். சாம்பிளில் நிறம் சரியாக வந்ததும், முழு லாட் துணிக்கும் சாயம் ஏற்றச் சொல்லிப் பனியன் கம்பெனிக்காரர்கள் பறப்பார்கள். அண்ணன் அசைய மாட்டார். "லேப்ல பாஸுங்க. பெரிய மெஷின்ல எறக்கிப் பாக்காம நான் வாக்குக் குடுக்க மாட்டனுங்க" என்பார். கெஞ்சினாலும் அதேதான், கத்தினாலும் அதேதான். அந்தப் பிடிவாதத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு கீமோவுக்கும் நான்தான் கூடப் போனேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டே வருவார். மூன்றாம் முறைக்கு முன் செய்தித்தாளை மடித்துக் காட்டினார். ஆபரேஷனுக்குக் கொடுக்கிற மயக்க வாயுவைக் கீமோ மருந்தோடு சேர்த்தால் புற்றுச் செல்கள் வளரும் வேகம் குறைகிறதாம். "எனக்கும் அதையே குடுக்கறாங்க. அந்த ரூமுக்குள்ள கூட ஆரையும் உட மாட்டாங்களாமா, நானே போய்க்கறேன். இதுக்கு நோய் கேக்கும் அம்மிணி, நான் வாக்குக் குடுக்கறேன்" என்றார்.

நம்பினேன். வியாழன்தோறும் காலையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார். வாந்தி இல்லை. இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டார். வாயு குமட்டலையும் அடக்கிவிடுகிறது என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, அம்மாவிடமும் பட்டறையிலும் சொல்லித் திரிந்தேன்.

மூன்றாம் மாதம் லேப்பிலேயே மயங்கி விழுந்தார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். "இத்தனை நாளா ஏம்மா கூட்டிட்டு வரலை?" என்று கேட்டார் டாக்டர். வாயுவைப் பற்றிச் சொன்னேன். "அப்படி எதுவும் நாங்க குடுக்கறதில்லையே" என்றார். கட்டிலில் அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சட்டைப் பையில் தாராபுரம் பஸ் டிக்கெட்டுகள் இருந்தன. எங்கள் ஊருக்குக் கோயம்புத்தூர் மேற்கே, தாராபுரம் தெற்கே. கேட்டதற்கு, "ஆத்தங்கரைல சும்மா உக்காந்திருந்தேன் அம்மிணி. அந்த வாந்தி இனி என்னால ஆகாது" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

மருந்து வேண்டாம் என்பது அவர் இஷ்டம். அதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் என்னிடம் சொல்லியிருக்கலாம். கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் நானும் தாராபுரம் பஸ்ஸில் ஏறியிருப்பேன். அதை விட்டுவிட்டு என்னை ஏமாற்றி, என் வாயாலேயே அம்மாவையும் ஏமாற்ற வைத்தார். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று, இந்த அட்டைக்குப் பின்னால் இருந்த செய்தித்தாளை முழுதாக விரித்தேன். எனக்குக் காட்டாத கீழ்ப்பாதியில், இது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் மட்டும் செய்த சோதனை, நோயாளிகளுக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று இருந்தது. அந்த வரிக்கு அடியில் சிவப்பு மைக் கோடு.

இப்போது லேப் இன்சார்ஜ் நான். இன்று காலை ஒரு கம்பெனிக்காரர், "லேப்ல பாஸ் ஆயிருச்சுங்களே, அப்ப லாட் போட்டரலாங்களா?" என்றார். பெரிய மெஷினில் இறக்கிப் பார்க்காமல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றேன். "அப்படியே உங்கண்ணனாட்டவேங்க" என்று சிரித்தார். அட்டையை உள்ளே தள்ளி இழுப்பறையை மூடினேன். ஊரில் யாருக்கும் கொடுக்காத வாக்கை அண்ணன் எனக்கு மட்டும்தான் கொடுத்தார்.