தஞ்சாவூர் வாசலில் அப்பா

எங்கள் அப்பா அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கூலி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஒரு சென்ட் நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் போனதில்லை. லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டக் கற்று, பரவையில் இருந்துகொண்டு முப்பது வருடம் சுற்றுலா வேன் ஓட்டினார். அந்த வேன்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. முதலாம் ஆண்டு நினைவுக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், மறைவதற்கு ஏழு மாதம் முன்பு அவரோடு போன பயணம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

கப்பலூரில் வேலை கிடைத்து, பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். இதயக் கோளாறு வந்து அப்பா ஓட்டுவதை நிறுத்தியிருந்த நேரம். அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு திருமயம், புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூருக்குப் புறப்பட்டேன். ஒரு நோக்கத்தோடுதான். எத்தனையோ பேரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போன அப்பா, பெரிய கோவிலுக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. கேட்டால் "வண்டிய யாரு பாக்குறது?" என்பார். எந்த ஊரில் எந்த மரத்தடியில் நிழல் நிற்கும், எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கோவில்கள்தான் தெரியாது.

மேலூர் தாண்டுவதற்குள் என் ஓட்டத்தில் பத்துக் குறை சொல்லிவிட்டார். திருமயம் கோட்டையில் நின்று நின்று மெதுவாக மேலே ஏறி, சுற்றிலும் தெரிந்த கண்மாய்களை அம்மாவுக்குக் காட்டினார். புதுக்கோட்டை தாண்டி முந்திரிக் காடு முடிந்ததும் இருபக்கமும் நெல் வயல். வயலுக்கு வயல் களை எடுத்த நேர்த்திக்கு அம்மா மார்க் போட்டுக்கொண்டே வந்தார்.

தஞ்சாவூரில் காரை நிறுத்தியதும் அப்பா, "நீங்க போய்ட்டு வாங்க, நான் வண்டியப் பாத்துக்கிறேன்" என்றார்.

"திருமயத்துல மேல ஏறி வந்தீங்களே, அப்ப வண்டிய யாருப்பா பாத்தா?" என்றேன்.

 அப்போதுதான் அப்பா சொன்னார். இருபது வயதில் லைசென்ஸ் வாங்கிய அன்று, சாமி காலடியில் வைக்க ஊர்க் கோவிலுக்கு எடுத்துப் போயிருக்கிறார். நீ உள்ளே வரக் கூடாது, வெளியே நின்று கும்பிடு என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் எந்தக் கோவில் வாசலையும் மிதிக்கவில்லை. அம்மாவுக்கு இது தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"இங்க யாருப்பா கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்கடா. அது தெரியும். காலுதான் வரமாட்டேங்குது."

 அம்மா தன் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை அப்பாவிடம் கொடுத்து, "இதக் கொஞ்சம் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார். தேங்காய் பழத்தோடு அப்பா நடுவழியில் நின்றார். பின்னால் வந்தவர்கள் விலகி விலகிப் போனார்கள்.  கடைசியில் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே பிரகாரத்தை ஒரு சுற்றுப் பார்த்தவர், "ஏத்தா, இதுல நூறு வேன் நிறுத்தலாம் போல" என்றார். கண் நிறைந்திருந்ததை நாங்கள் பார்க்காத மாதிரி நடந்தோம்.

ஊர் திரும்பிய அடுத்த வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், அன்று திருப்பிவிட்ட அதே ஊர்க் கோவிலுக்குள் போனார். சிலர் முறைத்தார்களாம், ஒருவரும் தடுக்கவில்லையாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இம்புட்டுச் சின்னக் கோவிலுக்கா இத்தனை வருசம்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு இருந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவிடவில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடிய பரவை வேன் ஓட்டுநர் அண்ணன்மாருக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், துக்கத்தில் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். ஊர்க் கோவில் வாசலில் தடுக்காமல் விட்டதற்கு மட்டும் நாங்கள் யாருக்கும் நன்றி சொல்லப்போவதில்லை. அந்த வாசல் வழியாக அப்பா தன் காலால் நடந்தார். அது அவருடைய கோவில்.