அண்ணி தூக்கிய கை

எங்கள் தெருக்கோடியில் இருந்த மெட்ரிக் பள்ளி மூடிக் கிடந்தது. பிள்ளைகள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பெரிய பள்ளிகளின் வேன்களில் ஏறிப் போகத் தொடங்கியதும், வகுப்பு வகுப்பாகக் குறைந்து, ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு கேட் திறக்கவே இல்லை. அந்த இடத்தைப் பேரூராட்சி விலைக்கு வாங்கப் போகிறது என்று தெரிந்தபோது எங்கள் வார்டே கொதித்தது. தெருவில் சாக்கடை கிடையாது. கொள்ளிடத்துத் தண்ணீர் வந்தால் உண்டு. இந்த லட்சணத்தில் விரிசல் விட்ட பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டார்கள்.

எங்கள் வார்டு கவுன்சிலர் என் அண்ணி. பெண்கள் வார்டாக மாறியதால் அண்ணன் அவரை நிறுத்தினார். போஸ்டரில் அண்ணி கும்பிட்டுக்கொண்டிருப்பார், பக்கத்தில் அதைவிடப் பெரிதாக அண்ணன். ஜெயித்த பிறகும் குழாய் உடைந்தால் அண்ணனுக்குத்தான் போன் வந்தது. நானும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவன்தான். அண்ணிக்கு என்று கேட்டதாக ஞாபகம் இல்லை.

வார்டுக் கூட்டத்தில் அண்ணன் மைக்கைப் பிடித்தார். "நாங்க இருக்கற வரைக்கும் அந்த எடத்த வாங்க வுட மாட்டோம்!" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. அண்ணி பக்கத்து நாற்காலியில் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறு வாரம் பேரூராட்சி மன்றக் கூட்டம். அன்று கவுன்சிலர்களோடு வேறு யாரையும் உள்ளே விடவில்லை. அண்ணனும் நானும் எதிர் டீக்கடையில் நின்றோம். முதலில் வெளியே வந்த பக்கத்து வார்டு கவுன்சிலர் நேராக அண்ணனிடம் வந்தார்.

"என்னங்க, வெளியில எதிர்ப்புன்னுட்டு உள்ள அவங்கள கையத் தூக்க வச்சிட்டீங்க?"

இடத்தை வாங்கும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அண்ணி ஆதரித்திருந்தார்.

நான் அண்ணன் முகத்தையே பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. நிஜமாகவே அதிர்ந்துதான் போனாரா, எனக்குக் காட்டுவதற்காக அதிர்கிறாரா? கூடப் பிறந்தவரைப் பற்றி அப்படி யோசித்தது அதுதான் முதல் முறை.

ஊர் அவ்வளவு யோசிக்கவில்லை. சலூனில் என் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே, "அண்ணனுக்கு எவ்வளவு, ஒங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அதன் பிறகு அண்ணன் போன் வந்ததும் வாசலுக்கு எழுந்து போவதெல்லாம் என் கண்ணில் பட ஆரம்பித்தது. அந்தப் பள்ளியின் தாளாளர் ஒரு நாள் பழக்கூடையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துபோனது வேறு உறுத்தியது.

தாங்காமல் கேட்டுவிட்டேன். அண்ணன் சீறினார். "டேய், என்னையவே சந்தேகப்படறியா? அவளப் பேரூராட்சித் தலைவருதான் என்னமோ சொல்லி மடக்கிட்டாரு. அவளுக்கு என்னடா தெரியும்?"

அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணியிடம் போனேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"தலைவர் ஏதாச்சும் சொன்னாரா அண்ணி? இல்ல, அண்ணன்தான் சொன்னாரா?"

அண்ணி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தப்பு நடந்திருந்தாக்கூட அவரு பண்ணிருக்கணும், இல்லாட்டி தலைவரு பண்ணிருக்கணும். அந்தக் கணக்குலகூட என்னைய யாரும் சேக்கல பாத்தீங்களா தம்பி?"

ஒரு காம்பை ஒதுக்கிப் போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"பேரூராட்சி வாங்கலேன்னா லாரி ஷெட்டுக்காரரு வாங்கிருப்பாரு. ஆளுங்க வந்து டேப்பு புடிச்சு அளந்துக்கிட்டு இருந்தாங்க. நானே போயி கேட்டேன். சுண்ணாம்புக்கல்லு லாரியெல்லாம் இங்கதான் நிக்கப் போவுதுன்னாங்க. இந்தத் தெருவுல லாரி பூந்தா நம்ம வூட்டுப் புள்ளைங்க சைக்கிள்ல போவ முடியுமா?"

"அண்ணங்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். நீ சும்மா கெட, அதெல்லாம் நான் பாத்துக்கறேன்னாரு."

அண்ணி கீரையை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். ரெட்டிபாளையம் போகும் வழியில் லாரி ஷெட் வைத்திருக்கும் அந்த மனிதர் அண்ணனோடு பள்ளியில் படித்தவர். தேர்தலின்போது எங்களுக்கு ஜீப் கொடுத்ததும் அவர்தான். அப்படியானால் அண்ணன் மைக்கில் முழங்கியது யாருக்காக?

அடுத்த நாளே ஷெட்டுக்குப் போனேன். அவர் டயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த இடத்தைக் கேட்டாரா என்றதும் சிரித்தார்.

"அது போன கதை தம்பி. ஒங்க அண்ணன்கிட்டயே கேட்டுக்கங்களேன்."

நான் கேட்கவில்லை. கேட்டால் வரும் பதிலை நம்புவேனா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அண்ணி சொன்னதையும் முழுக்க நம்பிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். டேப் பிடித்தவர்களை வேறு யாரும் பார்க்கவில்லை.

வார்டுக்காரர்கள் மனு கொடுத்தார்கள், ஒரு நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். பத்திரப் பதிவு நிற்கவில்லை. இப்போது ஒரு கட்டடத்தில் அங்கன்வாடி நடக்கிறது. இன்னொன்றில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் பழைய குழாய்களும் கிடக்கின்றன. மற்றவை பூட்டியே இருக்கின்றன. ஏன் இவ்வளவு பெரிய இடம் என்று இன்னும் கேட்கிறார்கள், மைதானத்தில் காலை நடைப்பயிற்சி போய்க்கொண்டே.

அண்ணி தனக்கென்று ஒரு போன் வாங்கிக்கொண்டார். தண்ணீர் வராதவர்கள் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் போகிற நாட்களில் கவனிக்கிறேன். அண்ணி போனில் பேசத் தொடங்கியதும் அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அது மரியாதையா, ஒட்டுக் கேட்கவா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.