குலவைக்குத் திறந்த வாய்

பங்குனி மாதத்தில் ஒரு காலை, கொட்டாவி விடப் போன வாய் பாதியில் பூட்டிக்கொண்டது. ஒரு விரல்கூட நுழையவில்லை. இரண்டு கன்னமும் வீங்கியிருந்தன. காதுக்கு முன்னால் உயிர் போகிற வலி.

தாராவியில் நம் அம்மன் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். கொடைத் திருவிழாவில் முதல் குலவை என்னுடையதுதான். என் வாய்க்குப் பயந்தே எங்கள் சாலியின் வரிசை வீடுகளில் குழாயடிச் சண்டை வருவதில்லை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்த வாய்க்குத்தான் இந்த கதி.

என் வீட்டுக்காரரின் அக்கா ஓடி வந்து பார்த்தார். "ஏட்டி, இது பொன்னுக்கு வீங்கில்லா! ஆத்தா வந்திருக்கா. ஊசி கீசின்னு எங்கயும் கெளம்பிராதீங்க" என்றார். பொன் போட்டால் வீக்கம் வடியும் என்று தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிக்கவில்லை. நானும் அப்படியே நம்பினேன். கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தேன். வீக்கம் வடியவில்லை. உடம்புதான் வடிந்தது. சேலை இடுப்பில் நிற்கவில்லை. இனி ஒரு வாய் சோறு மென்று தின்னாமலே போய்விடுவேனோ என்று பயந்தேன். ஆத்தாவுக்கு என்ன குறை வைத்தேன் என்று அழுதேன். அழுவதற்குக்கூட வாய் திறக்கவில்லை.

கடைசியில் வேப்பிலைத் தண்ணீர் தலைக்கு ஊற்றி, கோவிலுக்குக் கூட்டிப் போனார்கள். பூசாரி கொடுத்த தீர்த்தம் வாய்க்குள் போகாமல் கழுத்தில் வழிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வந்திருந்தா எறங்கிப் போ. நீ இல்லன்னா, யாருகிட்டப் போகணும்னு காட்டு. ரெண்டுல ஒண்ணு செய்யி" என்று மனசுக்குள் அவளோடு சண்டை போட்டேன். அதைத்தான் என் பிரார்த்தனை என்று சொல்ல வேண்டும்.

பின்னால் யாரோ தோளைத் தொட்டார்கள். செம்பூரிலிருந்து நேர்த்திக்கடன் செலுத்த வந்த பெண். அதற்குமுன் அவளை நான் பார்த்ததில்லை. "அக்கா, வாய் தொறக்க முடியலையா? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அது தாடை மூட்டுப் பிரச்சனை. நானே உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

அன்று அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பல் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் விரலைக் கன்னத்தில் வைத்து, பல்லைக் கடிக்கச் சொன்னார். விரலுக்கடியில் கல் மாதிரி எழும்பியது. "தாந்த் பீஸ்தி ஹோ க்யா?" பல்லை நறநறவென்று கடிப்பாயா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டுவதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "தூங்கையில கிரைண்டர் ஓடும் டாக்டர்."

உண்மைதான். தாராவியைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று எங்கள் வீட்டை இடித்துவிட்டு எங்கே அனுப்புவார்களோ, எங்களைப் போல மாடியில் இருப்பவர்களுக்கு மாற்று இடம் உண்டோ இல்லையோ என்ற கவலையைப் பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்குகிறவர் புஜம் போல மெல்லும் தசை பெருத்து இறுகி, தாடை மூட்டையும் கெடுத்திருந்தது. அம்மையும் இல்லை, பொன்னுக்கு வீங்கியும் இல்லை.

பல்லுக்கு உறை, ஒத்தடம், வாய்ப் பயிற்சி என்று முதலில் பார்த்தார்கள். வாய் கொஞ்சம் திறந்தது. வலி விடவில்லை. பிறகுதான் போட்டாக்ஸ் ஊசி பற்றிச் சொன்னார். ஒரு கிருமியின் விஷம், மருந்தாக மிகச் சிறிய அளவில் தசையில் போட்டால் இறுக்கம் தளரும், சில மாதங்கள்தான் தாங்கும், தாடை மூட்டின் கோளாறை அது சரிசெய்யாது என்று மறைக்காமல் விளக்கினார்.

வீட்டில் பூகம்பம். "வேப்பிலை கட்டுன உடம்புல விஷ ஊசியா?" என்று அக்கா குதித்தார். எனக்கும் பயம்தான். வாய் கோணிவிட்டால்? பேச்சு போய்விட்டால்? ஆனால் கேட்டது நான், காட்டியது ஆத்தா. காட்டிய பிறகு பின்வாங்கலாமா? ஊசி கன்னத்தில் இறங்கும்போது அவள் பெயரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். செம்பூர்ப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்று மறுபடி அழுதேன். அடுத்த வாரம் ஒரு காலை, இட்லியைப் பிட்டு வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தேன். வலிக்கவில்லை என்பது பாதி இட்லிக்குப் பிறகுதான் உறைத்தது. அப்படியே தட்டை வைத்துவிட்டுத் தேம்பினேன்.

ஆடிக் கொடையில் சாமி புறப்பட்டபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முதல் குலவை அரைகுறையாக வந்தது. இரண்டாவதில் அக்கா சேர்ந்துகொண்டார். மூன்றாவது தெருமுனை வரை கேட்டதாம்.

என் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மருந்தின் வேகம் குறைந்தால் மறுபடி ஊசி வேண்டியிருக்கலாம். வீட்டுக் கவலையும் அப்படியே இருக்கிறது. ஆனால் தாய்மார்களே, ஊசி போடக்கூடாது என்று அம்மன் சொன்னதே இல்லை, சொன்னது நாம்தான். வலி வந்தால் அவளிடம் சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் காட்டுகிற வாசலுக்குப் பயப்படாமல் போங்கள்.

உதடு மூடியிருந்தாலும் பல்லோடு பல் படக்கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. இப்போதெல்லாம் கவலை வந்து பல் இறுகும்போது "ஆத்தா" என்கிறேன். கூப்பிட வாய் எடுத்தாலே பல் விலகிவிடுகிறது.