எறிகிற கை

சமாதானப் பேச்சு நடந்து பாதை திறந்திருந்த தொண்ணூற்றைந்தின் ஆரம்பத்தில், ஒல்லாந்திலிருந்து அக்காவின் மகள் உருத்திரபுரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினெட்டு வயது. நீந்திக்கொண்டே பந்தெறிந்து கோல் போடும் விளையாட்டில் அந்த நாட்டு இளையோர் அணிக்காக ஆடியவள். திரும்பிப்போன மறுவாரமே பெரிய அணிக்கான தேர்வு. "பயிற்சி தவறக்கூடாது, நீதான் காவல்" என்று அக்கா எழுதியிருந்தா. நீந்தத் தெரியாதவனைக் காவலுக்கு வைத்த அவவைத்தான் முதலில் குற்றம் சொல்லவேண்டும்.

வந்த மறுநாளே குசினிக் கதிரையைக் கேட்டாள். சைக்கிளில் கட்டிக் குளத்துக்குக் கொண்டுபோனேன். அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, ஆழத்தில் காலை மட்டும் அடித்து மிதந்தாள்; காலுக்குப் பயிற்சியாம்.

மாடு சாய்த்து வந்த ஒருவர், "ஆர் இருக்கிறதுக்கு அண்ணை கதிரை? முதலைக்கோ?" என்றார். சிரித்தேன். பிறகு முதலையை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் கதிரையைக் கரையில் வைத்துவிட்டு வெறுங்கைகளை உயர்த்தினாள். அதுவும் பயிற்சியாம். எங்கள் ஊரில் தண்ணீருக்கு மேலே இரண்டு கை தெரிந்தால் ஒரே அர்த்தம்தான். "ஐயோ, பிள்ளை தாழுது!" என்று கத்திக்கொண்டு சாரத்தோடு பாய்ந்தேன். சாரம் பலூனாக உப்பியது. தலை கீழே போனது. அகப்பட்டதைப் பிடித்துத் தொங்கினேன்.

"மாமா, விடுங்கோ! அது எறியிற கை!"

நான் விடவில்லை. மற்றக் கையாலேயே நீந்தி என்னைக் கரை சேர்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். தோளுக்கு மேலே போகவில்லை.

"நோகுதோ பிள்ளை?"

"கதைக்காதேங்கோ மாமா."

மனைவி ஒத்தணம் கொடுத்தாள். "நீங்கள் காப்பாத்தினது காணும், அங்கால போங்கோ" என்று என்னைத் துரத்தினாள். அக்காவுக்கு என்ன எழுதுவது என்று மனதுக்குள் ஏழெட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தேன். ஆறு நாள் கழித்துத்தான் அந்தக் கை காதுவரை வந்தது.

பயணத்துக்கு முதல்நாள் பந்தோடு குளத்துக்குப் போனாள். "நீங்கள் வயலைப் பாத்துக்கொண்டு இருங்கோ. திரும்பினால் கொலை."

தண்ணீருக்கு முதுகு காட்டிக் குளக்கட்டின் மேல் குந்தினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. தாழ்ந்துவிட்டாளோ? கை வரவில்லை என்று அழுகிறாளோ? திரும்பக் கழுத்து துடித்தது. புல்லை இறுக்கிப் பிடித்தேன்.

பிடரியில் பந்து வந்து மோதியது. குளக்கட்டின் மேலிருந்து வயற்பக்கம் உருண்டேன்.

"எந்தக் கையாலயடி எறிஞ்சனீ?"

"வலது கை, மாமா!"

"இன்னொருக்கா எறி, பிள்ளை!"