அஞ்சலை சொன்ன பிரான்சு

பாகூர் பள்ளிக்கூடத்தில் நான் பிரான்சு தேசத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். புதுச்சேரித் துறைமுகத்தைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் சேன் நதியையும் திராட்சைத் தோட்டங்களையும் நேரில் பார்த்தவன்போல வர்ணிப்பேன்.

ஒருநாள், "பிரான்சில் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டேன். அஞ்சலை எழுந்து, "சேறு இருக்குதுங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து, மணியடிக்கும்வரை அவளை முட்டிபோட வைத்தேன்.

மறுநாள் அவள் அப்பா கரும்புக் கொல்லையிலிருந்து நேராக வந்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை.

"சேறுன்னு நான்தான் வாத்தியாரே அதுக்குச் சொன்னேன். ஜெர்மன் சண்டைக்கு நானும் என் தம்பியும் கப்பலேறிப் போனோம். அங்க இடுப்பு வரைக்கும் சேறு. நான் திரும்பி வந்துட்டேன், அவன் வரல."

பிறகு சுவரில் தொங்கிய பிரான்சு வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல என் தம்பி எங்க கெடக்கறான்? கொஞ்சம் காட்டுங்க."

பழக்கதோஷத்தில் இடம் காட்டப் பிரம்பைத் தூக்கிவிட்டேன். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகும் பல வருஷம் அதே பாடத்தை நடத்தினேன். பிரம்பால் மட்டும் அந்த வரைபடத்தைத் தொட்டதில்லை.