போனவர்கள் பட்டியல்

புதன்கிழமையிலிருந்து எனக்குத் தலை சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிரஷர் இல்லை, டாக்டரிடம் காட்டியாச்சு. எல்லாம் ஒரு கோயம்புத்தூர்க்காரர் கேட்ட கேள்வியால் வந்தது.

உங்களுக்குத்தான் தெரியுமே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் திருநெல்வேலி பேட்டையில் என் லேத் பட்டறையைக் கேட்டுப் பாருங்கள் — வழி சொல்லத் தெரியாத ஆள் கிடையாது. ஒற்றை மெஷினில் ஆரம்பித்தேன். இன்றைக்கு ஏழு. தேய்ந்த ஷாஃப்டை விரலால் தடவியே எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை... சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பம்பு செட் செய்யும் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று இந்தப் பக்கம் கிளை போட இடம் தேடுகிறது. முதலாளியே நேரில் வருகிறார். "அவருக்கு நம்ம ஊரைக் காட்ட உங்கள விட்டா யாரு இருக்கா?" என்றார்கள் தொழில் சங்கத்தில். நியாயமான கேள்வி. யார் இருக்கா?

சேதி தெரிந்ததும் முதலில் ஓடி வந்தவர் சுடலைமுத்து. இருபது வருஷமாக என் பட்டறை ஃபோர்மேன். அவர் மகள் இசக்கி மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவள். ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டிலோ அவள் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில். தூக்கி உட்கார வைக்க, சோறு ஊட்ட, எல்லாவற்றுக்கும் இசக்கிதான்.

"அண்ணாச்சி, அந்தக் கம்பெனி வருமா? வரும்னா பிள்ளைய இங்கனயே நிறுத்திக்கிடுதேன்."

"வரும்வே. பொறுப்ப எங்கிட்டல்லா விட்டிருக்காவ! ஓசூருக்கு வரலன்னு சொல்லச் சொல்லும்."

புதன்கிழமை முதலாளி வந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. பட்டறை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் திருநெல்வேலிக்காரன் எதைச் சொல்வான்? ஊரைவிட்டுப் போனவர்களைத்தான் சொல்வான். நானும் அதையே செய்தேன். "நம்ம ஆளு இல்லாத ஊரே கிடையாது சார். சென்னையில எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் கல்லாவுல நம்ம ஆளுதான் இருப்பான்." அப்புறம் என் கையால் தொழில் பழகியவர்களுக்கு வந்தேன். "மாரியப்பன் உங்க ஊர்லயே சூப்பர்வைசர். ஜேம்ஸ் ஷார்ஜாவுல. மைதீன் புனேயில சொந்தமா பட்டறை போட்டுட்டான்..." விரல் தீர்ந்து இரண்டாவது சுற்று எண்ணினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, மூலையில் தார்ப்பாய் போர்த்தியிருந்ததைக் காட்டினார்.

"அது என்னங்க?"

"சி.என்.சி. சார். கம்ப்யூட்டர் மெஷின். இந்தத் தெருவுல முதல்ல வாங்கினவன் நான்தான்!"

"ஏனுங்க மூடி வெச்சிருக்கீங்க?"

"ஓட்ட ஆளு இல்ல. ரெண்டு பயலுவ பழகினானுவ. ரெண்டு பேருமே பெங்களூருக்குப் போயிட்டானுவ."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, நல்ல ஆளுங்க எல்லாம் வெளியூர்ல இருக்காங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப நான் இங்க வந்து யாரைங்க வேலைக்கு வெக்கிறது?"

"நீங்க வந்தா எல்லாரும் திரும்பிருவாங்க சார்!"

"அவங்க திரும்பினாங்கன்னா, நானும் வந்துர்றனுங்க." சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்! இதில் எது முதல்? எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக் காலேஜ் வாத்தியாரிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் விளக்கினார். போகும்போது இருந்த தெளிவும் திரும்பும்போது இல்லை. இத்தனை வருஷம் நான் நெஞ்சை நிமிர்த்தி ஒப்பித்த பட்டியல்... அது ஊரின் வரவா, இழப்பா?

அதைவிட, என் பேச்சைக் கேட்டு அந்தப் பிள்ளை ஓசூர் வேலையை விட்டிருந்தால்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுடலைமுத்து வீட்டுக்குப் போனேன். இசக்கி அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி வராது போலிருக்கு தாயி. ஓசூருக்கு வரலன்னு சொல்லிட்டியா?"

"சொல்லல பெரியப்பா. உங்க பேச்சக் கேட்டு அவரு வந்து, கட்டடம் கட்டி, ஆள் எடுக்கதுக்குள்ள எனக்கு நரைச்சிரும்." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? வெளியூர்க்காரரு வந்து எனக்கு வேலை தரணும்னு அலையுதிய. உங்க சி.என்.சி.ய நான் ஓட்ட மாட்டேனா? காலேஜ்ல அதத்தான படிச்சேன்?"

ஒன்றரை வருஷமாக அந்த மெஷினுக்கு ஆள் தேடுகிறேன். தினமும் மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டு வந்து, அந்தத் தார்ப்பாய்மேலேயே தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போனவள் இவள். தடவிப் பார்த்தே தேய்மானம் சொல்கிறவன் கண்ணில் இது எப்படிப் படாமல் போனது?

"நீராவது சொல்லப்படாதாவே?" என்று சுடலைமுத்துவிடம் பாய்ந்தேன்.

"பட்டறையில நீங்க பொம்பளையாளு வச்சதே இல்லையே அண்ணாச்சி. எப்படிக் கேக்க?"

நான் இசக்கியைப் பார்த்தேன். "திங்கக்கிழம ஓசூருக்குப் போகாண்டாம். நம்ம பட்டறைக்கு வா."

"வாரேன். ஆனா அங்கன பொம்பளைக்கு ஒரு கக்கூஸ் கிடையாதே பெரியப்பா? ஞாயித்துக்கிழம சாயங்காலம் எனக்கு பஸ்ஸு. அதுக்குள்ள சுவராவது எழுப்பிக் காட்டுங்க, நம்புதேன். வாயால சொன்னா போதாது."

இதை எழுதுவது சனிக்கிழமை காலை. செங்கல் வந்துவிட்டது. சிமெண்ட் வந்துவிட்டது. நம்ம ஊர்க் கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

திருவனந்தபுரத்தில் இருக்கிறாராம்!